பழுது பையனிடமா?

நடுவர் அவர்களே! "பள்ளிக்கூடத்தை வெறுப்பது பிள்ளையின் திமிர்" என்று எதிரணி நண்பர் முழங்கினார். ஐயா, கொஞ்சம் உசிலம்பட்டிப் பக்கம் வாங்க!

குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. 16 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அந்தக் காலத்திலேயே அதே சர்க்கார் பள்ளிக்கூடமும் திறந்தது. பெயர்? கள்ளர் சீரமைப்புப் பள்ளி! பழுதான சாமானைத்தானே சீரமைப்பார்கள்? அப்பனிடம் கைரேகை கேட்டவன், ராத்திரி ஆஜராகச் சொன்னவன், மகனிடம் சிலேட்டை நீட்டினால் பையன் எப்படிங்க ஓடி வருவான்?

இங்கிலாந்தில் பால் வில்லிஸ் என்ற ஆய்வாளர், தொழிலாளர் வீட்டுப் பையன்கள் 12 பேரோடு பழகி 1977-இல் ஒரு நூல் எழுதினார். வாத்தியாரைக் கேலி செய்யும் அந்த வீறாப்பு, அப்பாக்களின் ஆலை வாழ்க்கையிலிருந்து வந்தது என்றார். கடைசியில் அந்த வீறாப்பே அவர்களையும் ஆலை வாசலில் கொண்டுபோய் விட்டது.

கோபம் நியாயம், நஷ்டமோ பையனுக்கு! இங்கே 1947-இல் சட்டம் ஒழிந்தது. அதே பள்ளிகளில் படித்துப் பிள்ளைகள் ஆசிரியரானார்கள், அதிகாரியானார்கள். ஆகவே, ஓடுகிற பிள்ளையை அடிக்குமுன், எதைக் கண்டு ஓடுகிறான் என்று கேளுங்கள்.