தெளிந்த நீரும் தூய நீரும்

கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் முறை நம் மக்களுக்குப் புதியதன்று. பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் சேறு அடியில் தங்கிவிடும். கலித்தொகையிலேயே இச்செய்தி உவமையாக வருகிறது. ரப்பர்த் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த நம் முன்னோரும் கிணற்று நீரையும் ஆற்று நீரையும் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். கண்ணுக்குத் தெளிந்தால் போதும் என்று நினைத்த காலம் அது.

அந்த நினைப்பைத் தகர்த்தது 1892ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பரவிய காலரா. எல்பே ஆற்றங்கரையில் ஹாம்பர்க், அல்டோனா என்னும் இரண்டு நகரங்கள் ஒட்டியிருந்தன. ஹாம்பர்க் ஆற்று நீரைக் குளத்தில் சிறிது நேரம் தேக்கி, அப்படியே குழாயில் விட்டது. அல்டோனாவோ ஆற்றின் கீழ்ப்புறத்தில், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு நீரை எடுத்தது. எந்த ஊர் அதிகம் பாதிக்கப்பட்டிருக்கும்? அல்டோனா என்றுதான் நாம் சொல்லுவோம். ஆனால் ஹாம்பர்க்கில் 8,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அல்டோனாவில் இறந்தவர்கள் அதில் ஒரு சிறு பங்கே. காரணம், வெறும் மணல்! அல்டோனா தன் நீரை மணற்படுகை வழியே மெல்ல இறக்கியது. மணலின் மேல் படியும் வழுவழுப்பான படலம் கிருமிகளைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே ஹாம்பர்க்கும் மணல் வடிகட்டியை அமைத்தது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1914இல் அமைந்த நீர்நிலையமும் இதே மணல் முறைதான்.

வீட்டு வடிகட்டிகளில் நாம் காணும் வெள்ளைக் குழலும் அந்தக் காலத்ததே. ஜெர்மானியரான பெர்க்கெஃபெல்ட் நுண்துளை மண்ணைச் சுட்டு அதைச் செய்தார். அது சேற்றையும் கிருமியையும் தடுக்கும். நீரில் கரைந்திருக்கும் உப்பைத் தடுக்காது. உப்பைப் பிரிக்க வேறொரு வழி பிறந்தது. 1959ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவிலிருந்து சென்ற சீனிவாச சௌரிராஜனும் மெல்லிய சவ்வு ஒன்றை உருவாக்கினார்கள். அழுத்தம் கொடுத்தால் நீர் மட்டும் அதைக் கடந்து வரும். கடல்நீரைக் குடிநீராக்கவே அதைத் தேடினார்கள். இன்று அதே சவ்வைப் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் விற்கிறார்கள்.

தோட்டத்தை விட்டுக் கிள்ளான் பக்கம் குடியேறிய பெற்றோர் நம்மிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "வாத்தியார் ஐயா, மாதத் தவணையில் வடிகட்டி தருகிறேன் என்று ஆள் வருகிறார். வாங்கலாமா?" நாம் திருப்பிக் கேட்பது: உங்கள் தண்ணீரில் என்ன குறை?

கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய் நீர், நிலையங்களில் வடிகட்டப்பட்டு, குளோரின் கலந்தே வருகிறது. பழைய குழாயின் துருவும் மண்ணும் வந்தால் மலிவான மண்வடிகட்டி போதும். குளோரின் வாடை பிடிக்காவிட்டால் கரி வடிகட்டி போதும். உப்பில்லாத நீருக்கு உப்பு நீக்கும் சவ்வு எதற்கு? அது கழிவாக ஊற்றும் தண்ணீருக்கும் நாம்தான் காசு கட்டவேண்டும். எந்த வடிகட்டியானாலும் உள்ளிருக்கும் பொருளை உரிய காலத்தில் மாற்றவேண்டும். மாற்றாத கரியில் கிருமி குடியேறும். விற்க வருபவர் இந்தச் செலவைக் கடைசியில்தான் சொல்வார்! கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயமும் இரசாயனமும் போகா.

வீட்டு வடிகட்டியால் தீராத சங்கடமும் உண்டு. 2020 செப்டம்பரில் ரவாங்கில் சுங்கை கோங் ஆறு மாசுபட்டது. சிலாங்கூர் ஆற்று நீரை எடுக்கும் நான்கு நிலையங்களை மூடினார்கள். சுமார் 12 இலட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. ஆயிரம் வெள்ளி வடிகட்டியும் அன்று வறண்டுதான் கிடந்தது.

இன்னும் தோட்ட வீடுகளில் இருப்போர்க்கு ஒரு செய்தி. 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் சட்டப்படி, தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய குழாய் நீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை. குழாயில் கலங்கல் வந்தால் முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள். தவணை வடிகட்டியைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.