கிற்றாரின் முகமும் முதுகும்: இரு காடுகள் சந்தித்த வரலாறு

திராமன் நகரின் நடுவே ஓடும் ஆறு ஒரு காலத்தில் மரங்களின் பெருவழியாக விளங்கியது. உள்நாட்டுக் காடுகளில் வெட்டப்பட்ட மரங்கள் நீரோட்டத்தில் மிதந்து வந்து, பலகைகளாகிக் கப்பலேறின. 1666 ஆம் ஆண்டு இலண்டன் மாநகர் தீக்கிரையானபோது அதனை மீளக் கட்டியெழுப்ப நோர்வே மரம் பெருமளவில் சென்றது. இலண்டன் தீயில் நோர்வேஜியர் நன்றாகக் குளிர்காய்ந்தனர் என்னும் பழமொழியும் இங்கு வழங்கிவருகின்றது.

அம்மரங்களுள் முக்கியமானது கிரான். நத்தார்க் காலத்தில் வீடுதோறும் விளக்கேற்றி நிறுத்தப்படும் அதே மரந்தான். கிற்றாரின் முகப்பலகைக்கு ஐரோப்பியக் கைவினைஞர் காலங்காலமாகத் தெரிவுசெய்ததும் இந்த மர இனத்தையே. அதே கிற்றாரின் முதுகுப் பலகையோ தமிழகத்து மேற்கு மலைகளில் வளர்ந்த ஈட்டி மரமாக இருக்கக்கூடும். எமது பிள்ளைகள் பலர் விரும்பிப் பயிலும் இக்கருவியில், நாம் வந்து சேர்ந்த மண்ணும் எமது மொழி வழங்கும் மண்ணும் ஒட்டி நிற்கின்றன என்பதைப் பலர் அறியார்.

யாழும் வீணையும்

நரம்பிசைக் கருவிகளின் உடலமைப்பைப் பற்றிச் சிந்திப்பது தமிழருக்குப் புதியதன்று. பண்டைய யாழின் உறுப்புகளுக்குப் பத்தர், கோடு, போர்வை என்று தனித்தனிப் பெயர்கள் இருந்தன. பத்தர் என்பது ஒலியைப் பெருக்கும் மரக்கலம். அதன் மேல் தோல் போர்த்தப்பட்டது. மறைந்துபோன அக்கருவியை ஆராய்ந்து காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் எழுதிய ‘யாழ் நூல்’ 1947 ஆம் ஆண்டு அரங்கேறியது. அதே ஆண்டு யூலை மாதத்தில் அவர் மறைந்தார்.

யாழுக்குத் தோல் முகம். தஞ்சாவூர் வீணைக்கு மர முகம். அதன் குடம் பலா மரத்தைக் குடைந்து செய்யப்படுவது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா அதற்குப் பேர்பெற்றது. குடமும் தண்டும் ஒரே மரத்தில் அமைந்தால் அதற்கு மதிப்பு அதிகம். கிற்றார் வேறு வழியிற் சென்றது. அதனை எவரும் குடைவதில்லை. சில மில்லிமீற்றர் தடிப்பேயுள்ள பலகைகளை வளைத்து ஒட்டி ஒரு பெட்டியாக்குகின்றனர். வீணை குடைந்த கலம். கிற்றார் கட்டிய கூடு.

முகமே முதன்மை

தந்தி தனியே அதிர்ந்தால் எழும் ஒலி மிகச் சிறிது. அவ்வதிர்வு குதிரை வழியாக முகப்பலகைக்குச் சென்று, பலகை காற்றை அசைக்கும்போதே எமது காதுக்கு இசை கிட்டுகின்றது. ஆகவே முகப்பலகை பாரமற்றதாகவும் விறைப்பானதாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரு குணங்களும் ஒருங்கே அமைந்த மரம் கிரான். குளிர்ந்த மலைப்பகுதிகளில் மெதுவாக வளர்ந்து, நெருங்கிய வளையங்களுடன் நிற்கும் மரத்தையே கைவினைஞர் தேடுவர்.

இன்றைய கிற்றாரின் உருவை வகுத்தவர் ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892). அவர் உடலைப் பெரிதாக்கினார். முகப்பலகையின் உட்புறத்தில் விசிறி போன்று மெல்லிய சட்டங்களைப் பொருத்தினார். 1862 ஆம் ஆண்டு அவர் ஒரு துணிகரமான சோதனையைச் செய்தார். முகத்தை நல்ல மரத்தில் அமைத்து, முதுகையும் பக்கங்களையும் கடதாசிக் கூழ் அட்டையால் செய்தார். ஒலியின் உயிர் முகப்பலகையிலேயே தங்கியுள்ளது என்பதைக் காட்டவே அவ்வாறு செய்தார். அக்கிற்றார் இன்றும் பார்சலோனா இசை அரும்பொருட் காட்சியகத்தில் உள்ளது.

1833 இல் ஜேர்மனியிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய மார்ட்டின் என்னும் கைவினைஞரின் பட்டறை வேறொரு மரபை வளர்த்தது. அங்கு முகப்பலகையின் உட்புறச் சட்டங்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுமாறு வைக்கப்பட்டன. பிற்காலத்தில் உருக்குத் தந்திகளின் இழுவையைத் தாங்க இவ்வமைப்பே உதவியது. 1916 இல் பிரித்தானியப் போர்க்கப்பலொன்றின் பெயரால் ‘டிரெட்னோட்’ என்னும் அகன்ற உடல் தோன்றியது. உடல் பெருக்கப் பெருக்க அடிக்குரல் கனக்கும். சிறிய உடலில் ஒலி தெளிவாகவும் கட்டுக்கடங்கியும் நிற்கும். சிறு பிள்ளைக்குக் கிற்றார் வாங்கும் பெற்றோர் மரத்தின் பெயரைக் கேட்குமுன் உடலின் அளவைப் பார்த்தல் நன்று.

மலையிறங்கிய மரம்

முதுகுக்கும் பக்கங்களுக்கும் நெடுங்காலம் உயர்வாகக் கருதப்பட்டது பிரேசில் நாட்டு ஈட்டி. 1960களின் இறுதியில் அந்நாடு வெட்டுமர ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும், 1969 இல் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. ஏனையோரும் அவ்வழியே சென்றனர். நீலகிரி, ஆனைமலை, வயநாடு ஆகிய மலைகளில் வளரும் இம்மரத்தைத் தமிழகத்தார் தோதகத்தி என்றும் அழைப்பர். பொழுதுபோக்குக்கென எங்கோ மீட்டப்பட்ட கிற்றாருக்காக எமது மலைகளில் நூறாண்டு மரங்கள் சாய்ந்தன.

இம்மரத்தைக் காக்கத் தமிழக அரசு 1994 இல் தனிச்சட்டம் இயற்றியது. 2017 இல் பன்னாட்டு உடன்படிக்கையொன்று ஈட்டி இனம் முழுவதன் வணிகத்தையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2019 இல் செய்துமுடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

கிற்றாரின் விரற்பலகைக்கு உகந்ததெனப் போற்றப்பட்ட கருங்காலியும் எமக்கு அந்நியமன்று. வன்னி உட்பட இலங்கையின் வரண்ட காடுகளில் வளர்ந்த கருங்காலி, ஒல்லாந்தர் காலத்திலேயே தளபாடமாகி ஐரோப்பா சென்றது.

காது தந்த தீர்ப்பு

இத்துணை மரங்களைச் சாய்த்த பெருமை உண்மையிற் காதுக்குரியதா, கண்ணுக்குரியதா? 2018 இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் இதற்கு விடை தேடினர். ஒரே கைவினைஞர் ஆறு கிற்றார்களைச் செய்தார். வடிவமும் முகப்பலகையும் ஒன்றே. முதுகும் பக்கங்களும் மட்டும் பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி, மகோகனி, மேப்பிள், சபேலி, வால்நட் என வேறுபட்டன. 52 கலைஞர்கள், மரம் கண்ணுக்குப் புலப்படாத நிலையில் அவற்றை மீட்டிப் பார்த்தனர். விலையுயர்ந்த மரத்தையும் மலிவான மரத்தையும் அவர்களால் உறுதியாகப் பிரித்தறிய முடியவில்லை. கடதாசி முதுகு கொண்டு தோரஸ் சொன்னதையே ஒன்றரை நூற்றாண்டின் பின் அறிவியலும் சொன்னது.

இது எமக்கு ஆறுதலான செய்தி. மகோகனி முதுகுள்ள எளிய கிற்றாரிலும் பிள்ளை நன்றாகப் பயிலலாம். முகம் ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு மரமாக இருந்தாற் போதும்.

வெடித்த வீணை

எமது வீட்டில் ஒரு வீணை உண்டு. ஊரிலிருந்து பல கைகள் மாறி வந்து சேர்ந்தது. இங்கு வந்த முதற் குளிர்காலத்திலேயே அதன் முகப்பலகை வெடித்தது. குறை செய்தவரிடம் இல்லை, அறியாமை எம்முடையது. வெளியே உறைந்த காற்றில் நீர்ப்பதம் மிகக் குறைவு. அக்காற்று வீட்டினுள் சூடேறும்போது மேலும் வரண்டு, மரத்திலுள்ள ஈரத்தை உறிஞ்சுகின்றது. மரம் குறுக்கே சுருங்கி வெடிக்கின்றது. கிரானுக்கும் பலாவுக்கும் இவ்விதி ஒன்றே. ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருக்கும் அறையில், சூடாக்கிக்கு அப்பால், பெட்டிக்குள் வைத்தால் கருவி பிழைக்கும். துளையிட்ட சிறு டப்பாவில் நனைத்துப் பிழிந்த பஞ்சு ஒன்றை உடன் வைப்பதும் உதவும்.

அவ்வீணையின் வெடிப்பு பின்னர் ஒட்டப்பட்டது. தழும்பு இன்றும் உள்ளது; நாதமும் உள்ளது. எமது மகள் கிற்றாரையே விரும்பினாள். முதலில் எமக்கு வருத்தந்தான். ஒரு நாள் அவள் தன் கிற்றாரில் மோகனத்தின் ஆரோகணத்தைத் தேடித்தேடி மீட்டியபோது அவ்வருத்தம் அகன்றது. வீணையை அவள் மீட்டாவிடினும், அதனை வெடிக்காமற் காப்பது எமது கடமை. அவள் பிள்ளைகளுள் ஒருவர் ஒரு நாள் அதைக் கேட்கக்கூடும்.