நங்கூர விலை பிறந்த கதை

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் யூஜீன் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். 1960களின் கடைசியில் அங்கிருந்த ஒரேகான் ஆராய்ச்சி நிறுவனத்தில் சாரா லிக்டென்ஸ்டைன், பால் ஸ்லோவிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் சூதுப் பந்தயங்களை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பொருளுக்கு விலை போடும்போது மனதில் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பந்தயத்தைப் போலத் தோதான சரக்கு வேறில்லை. ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு, ஜெயித்தால் எவ்வளவு, தோற்றால் எவ்வளவு என்பதெல்லாம் எண்ணாகவே முன்னால் இருக்கும்.

அவர்கள் வைத்த பந்தயங்களில் ஒரு ஜோடியைச் சொல்கிறேன். முதல் பந்தயத்தில் நூற்றுக்கு 99 வாய்ப்பில் 4 டாலர் கிடைக்கும், தவறினால் 1 டாலர் போகும். இரண்டாவதில் நூற்றுக்கு 33 வாய்ப்பில் 16 டாலர் கிடைக்கும், தவறினால் 2 டாலர் போகும். சராசரிக் கணக்குப் பார்த்தால் முதலாவது 3.95 டாலர், இரண்டாவது 3.94 டாலர். ஒரு காசு வித்தியாசம்தான். “இரண்டில் எதை ஆடுவீர்கள்?” என்று கேட்டபோது பலர் ஏறக்குறைய நிச்சயமாகக் கைக்கு வரும் முதலாவதைத் தொட்டார்கள். பிறகு அவர்களிடமே வேறு விதமாகக் கேட்டார்கள்: “இந்தப் பந்தயச் சீட்டு உங்களுடையது. இதை விற்பதானால் குறைந்தது என்ன விலைக்குக் கொடுப்பீர்கள்?” இப்போது இரண்டாவது சீட்டுக்குக் கூடுதல் விலை சொன்னார்கள். ஆட விரும்பாத சீட்டுக்கு, ஆட விரும்பிய சீட்டை விட அதிக விலை.

எப்படி இது? லிக்டென்ஸ்டைனும் ஸ்லோவிக்கும் சொன்ன விளக்கம்தான் இந்தக் கதையின் விதை. விலை என்றதும் மனம் பணத்தைத்தான் முதலில் பார்க்கிறது. 16 என்ற எண்ணில் போய் நிற்கிறது. அப்புறம் ‘வாய்ப்பு குறைவாச்சே, தோற்றால் போகுமே’ என்று அங்கிருந்து கீழே இறங்குகிறது. ஆனால் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்குவதில்லை, பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. இது 1971இல் கட்டுரையாக வந்தது. கல்லூரி மாணவர்கள் விளையாட்டாகச் சொன்ன பதிலாக இருக்குமோ என்ற சந்தேகம் வராமலிருக்க, லாஸ் வேகாஸில் ஃபோர் குவீன்ஸ் என்ற சூதாட்ட விடுதியிலேயே சொந்தப் பணம் வைத்து ஆடுகிறவர்களிடம் அதே சோதனையை நடத்தினார்கள். 1973இல் வெளியான முடிவிலும் அதே கோணல் இருந்தது.

இந்த யோசனை பிறந்ததே விலை போடும் இடத்தில்தான் என்பதை நாம் கவனிக்க வேண்டும். உலகம் இதைச் சுழல்சக்கரத்தின் கதையாக நினைவில் வைத்திருக்கிறது. சக்கரம் அடுத்த அத்தியாயம்.

அந்த அத்தியாயத்தை எழுதியவர்கள் ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும். 1971, 72இல் இருவரும் யூஜீனில் அதே ஆராய்ச்சி நிறுவனத்தில் தங்கி வேலை செய்தார்கள். இரவு பகலாக ஒரே பேச்சு, ஒரே எழுத்து. சூதாட்ட விடுதிகளில் இருப்பது போல, 0 முதல் 100 வரை எண் எழுதிய ஒரு சக்கரத்தை எடுத்து, அது 10இல் அல்லது 65இல் மட்டும் நிற்கும்படி திருத்தி வைத்தார்கள். மாணவர் முன்னால் சக்கரத்தைச் சுற்றுவார்கள். நின்ற எண்ணை அவர் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு கேள்வி: ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகளின் சதவீதம் இந்த எண்ணை விட அதிகமா, குறைவா? சரி, உங்கள் கணிப்பில் எத்தனை சதவீதம்?

10 விழுந்தவர்களின் நடுக்கணிப்பு 25. 65 விழுந்தவர்களுடையது 45. ஆப்பிரிக்காவைப் பற்றி அந்தச் சக்கரத்துக்கு எதுவும் தெரியாது என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். சரியாகச் சொன்னால் பணம் உண்டு என்றபோதும் இழுப்பு குறையவில்லை. தறியில் கட்டிய மாடு கயிறு நீளும் வரைக்கும்தான் மேயும் என்பார்களே, அதே நிலைமைதான். இங்கே தறி எந்த இடத்தில் அடிக்கப்பட்டது என்பது தற்செயல்.

இன்னொரு சோதனையில் சக்கரமும் தேவைப்படவில்லை. பள்ளி மாணவர்களுக்கு ஐந்து விநாடி கொடுத்து ஒரு பெருக்கலுக்கு விடையைக் குத்துமதிப்பாகச் சொல்லச் சொன்னார்கள். ஒரு பிரிவுக்கு 8×7×6×5×4×3×2×1, இன்னொரு பிரிவுக்கு 1×2×3×4×5×6×7×8. இரண்டும் ஒன்றுதான். முதல் பிரிவின் நடுக்கணிப்பு 2,250, அடுத்ததில் 512. சரியான விடை 40,320. எட்டில் தொடங்கினால் மேலே, ஒன்றில் தொடங்கினால் கீழே. 1974 செப்டம்பர் 27ஆம் தேதி ‘சயன்ஸ்’ இதழில் வந்த கட்டுரையில் இவற்றைச் சேர்த்து, நங்கூரமிடுதல் என்ற பெயரோடு உலகத்தின் முன் வைத்தார்கள். ட்வெர்ஸ்கி 1996இல் மறைந்தார். கானமன் 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

குழந்தை பிறந்த பிறகும் அது ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதில் பெற்றோருக்குள்ளேயே கருத்து வேறுபாடு. ஒரு எண்ணில் தொடங்கி, போதாத அளவுக்கு நகர்ந்து நின்றுவிடுகிறோம் என்றார் ட்வெர்ஸ்கி. அந்த எண் காதில் விழுந்ததுமே அதற்குப் பொருந்தும் நினைவுகளை மனம் எழுப்பிவிடுகிறது என்று கானமனுக்குத் தோன்றியது. பின்னாளில் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக், தாமஸ் முஸ்வைலர் இருவரும் செய்த சோதனை கானமன் பக்கம் கைகொடுத்தது. காந்தி இறந்தபோது அவருக்கு வயது 9க்கு மேலா கீழா என்று ஒரு கூட்டத்திடம் கேட்டார்கள். 140க்கு மேலா கீழா என்று இன்னொரு கூட்டத்திடம் கேட்டார்கள். காந்தி ஒன்பது வயதில் இறக்கவில்லை, 140 வயது வாழவுமில்லை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் முதல் கூட்டத்தின் சராசரிக் கணிப்பு 50, இரண்டாவது கூட்டத்தினுடையது 67. உண்மையில் அவருக்கு 78. நம்பவே முடியாத எண்ணுக்கும் இழுக்கிற சக்தி இருக்கிறது என்று அதில் தெரிந்தது.

தொழில் தெரிந்தவர்கள் மாட்ட மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அதை உடைத்தது அரிசோனாவின் டூசான் நகரில் ஒரு வீடு. 1987இல் வெளியான ஆய்வுக்காக கிரகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் இருவரும், விற்பனைக்கு நின்ற ஒரு நிஜ வீட்டுக்குள் வீட்டுத் தரகர்களை அழைத்துப் போனார்கள். அறைகளையும் அக்கம்பக்கத்தையும் பார்க்கலாம். பகுதியில் விற்ற வீடுகளின் விவரமெல்லாம் அடங்கிய பத்துப் பக்கக் கட்டும் கையில் தரப்பட்டது. எல்லோருக்கும் ஒரே கட்டு, அதில் ஒரே ஒரு எண் மட்டும் வேறு: வீட்டுக்காரர் கேட்கும் விலை. 65,900 டாலர் என்று பார்த்த தரகர்கள் அந்த வீட்டின் மதிப்பைச் சராசரியாக 67,811 என்று போட்டார்கள். 83,900 என்று பார்த்தவர்கள் 75,190 என்றார்கள். வீட்டின் சுவர் மாறவில்லை, தெரு மாறவில்லை. ஏழாயிரத்துச் சொச்சம் டாலர் மாறிவிட்டது. வீட்டு வியாபாரமே தெரியாத மாணவர்கள் இதை விடக் கொஞ்சம்தான் அதிகம் இழுபட்டார்கள். கேட்ட விலைக்கும் தங்கள் மதிப்பீட்டுக்கும் சம்பந்தம் இருந்ததாகத் தரகர்களில் மிகப் பெரும்பாலோர் சொல்லவில்லை. எனக்கு இதில் உறுத்துவது அதுதான். மாணவர்களில் கணிசமானவர்கள் ‘ஆமாம், அந்த விலையைப் பார்த்தோம்’ என்றார்கள். அனுபவம் இழுப்பை அதிகம் குறைக்கவில்லை, இழுபட்டதே தெரியாமல் செய்துவிட்டது.

கடைக்காரர்களுக்கு இதெல்லாம் ஆராய்ச்சி வராமலே தெரியும். பட்டுப் புடவைக் கடையில் பாய் மேல் உட்கார்ந்ததும் “எந்த ரேஞ்சுல பாக்கறீங்கக்கா?” என்பார் விற்பனையாளர். “அஞ்சாயிரத்துக்குள்ள” என்று சொன்னாலும் அவர் கை முதலில் போவது மேல் தட்டுக்கு. “வாங்க வேணாம், சும்மா பாருங்க” என்று பதினெட்டாயிரம் புடவையின் முந்தானையை மடியில் விரித்துவிடுவார். அதை மடித்து வைத்த பிறகு வருகிற எட்டாயிரம் புடவை மலிவாகத் தெரியும். நடைபாதைக் கடையில் பேரம் பேசப் போகிறவர்களுக்கு ‘பாதி விலையில ஆரம்பி’ என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். நல்ல புத்திமதிதான், ஆனால் அந்தப் பாதியும் கடைக்காரர் சொன்ன எண்ணின் பாதி. அவர் முந்நூறு என்றால் நாம் நூற்றைம்பது, அவர் அறுநூறு என்றால் நாம் முந்நூறு.

இந்தியாவில் இதற்கு ஒரு சட்டப்பூர்வ எண்ணும் கிடைத்தது. பாக்கெட் பொருட்களுக்கான 1977ஆம் ஆண்டு விதிகளை 1990இல் திருத்தி, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலையை, அதாவது எம்ஆர்பியை, அச்சிட வேண்டும் என்று அரசு கொண்டுவந்தது. அதற்கு முன் ‘உள்ளூர் வரி தனி’ என்று போட்டுவிட்டு, வரி என்ற பெயரில் கடைக்குக் கடை இஷ்டத்துக்கு வாங்க இடமிருந்தது. வாங்குகிறவரைக் காப்பாற்ற வந்த உச்சவரம்பு அது. இன்றைக்கு இணையக் கடைகளில் அதே எம்ஆர்பி குறுக்குக் கோடு போட்டுப் பொருளின் பக்கத்தில் நிற்கிறது. 1,999ஐ அடித்துவிட்டு 699. அந்த 1,999க்கு ஊரில் யாராவது எப்போதாவது வாங்கினார்களா என்று நாம் கேட்பதில்லை. உச்சவரம்பாக வந்த எண் விளம்பரமாக வேலை செய்கிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அடித்த விலையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒரு நிறுவனம் சோதித்துப் பார்த்துவிட்டது. அமெரிக்கத் துணிக்கடைச் சங்கிலியான ஜேசி பென்னியின் தலைவராக வந்த ரான் ஜான்சன், 2012 பிப்ரவரியில் தள்ளுபடிக் கூப்பன்களை ஒழித்துவிட்டு, நேரடியாகக் குறைந்த விலையை எழுதி வைத்தார். அந்த ஆண்டு விற்பனை ஏறக்குறைய கால்பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் வேலை போனது. சரிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் பக்கத்தில் பெரிய எண் இல்லாத சின்ன எண் வாங்க வந்தவர்களுக்கு மலிவாகத் தோன்றவில்லை என்பதும் அதில் ஒன்று.

கடையில் ஏமாந்தால் போகட்டும், ஒரு புடவை, ஒரு ஹெட்போன். சம்பளம் அப்படியில்லை. 2011இல் ஐடஹோ பல்கலைக்கழகத்தின் டாட் தார்ஸ்டைன்சன் வெளியிட்ட ஆய்வில், 29,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்த ஒரு கற்பனை அலுவலக உதவியாளருக்கு என்ன சம்பளம் தரலாம் என்று கேட்டார்கள். சாதாரணமாகக் கேட்டபோது சராசரியாக 32,463 டாலர் தரலாம் என்றார்கள். அதே விண்ணப்பதாரர் ‘லட்சம் டாலர் கொடுத்தால் சந்தோஷம்’ என்று வேடிக்கையாகச் சொன்னதாக வைத்தபோது 35,385 ஆனது. வேடிக்கைப் பேச்சே ஏறக்குறைய மூவாயிரம் டாலர் பெற்றுத் தந்தது. பேச்சுவார்த்தையில் முதலில் எண்ணைச் சொல்கிறவர் பக்கமே முடிவு சாய்கிறது என்று ஆடம் கலின்ஸ்கியும் முஸ்வைலரும் 2001இல் காட்டியிருந்தார்கள். எதிராளி சொன்ன எண்ணைப் பற்றியே யோசிக்காமல், தான் அடைய நினைத்த தொகையை மனதில் நிறுத்திக்கொண்டவர்களிடம் அந்தச் சாய்வு குறைந்ததையும் அவர்களே காட்டினார்கள்.

நம் ஊர் நேர்காணலில் முதல் எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

“கரண்ட் சிடிசி எவ்வளவும்மா?”

“நாலு எண்பது, மேடம்.”

“எக்ஸ்பெக்டேஷன்?”

“எட்டு எதிர்பார்க்கறேன் மேடம்.”

“எட்டா? அறுபத்தஞ்சு பர்சன்டுக்கு மேல ஹைக் ஆகுதே. எங்க பாலிசியில முப்பதுதான் மேக்ஸ். லாஸ்ட் மூணு மாச பேஸ்லிப் அனுப்பிடுங்க.”

சிடிசி என்பது ஆண்டின் மொத்தச் சம்பளம், அவருடையது 4 லட்சத்து 80 ஆயிரம். அதோடு முப்பது சதவீதம் கூட்டினால் 6 லட்சத்து 24 ஆயிரம். அந்த வேலைக்கு நிறுவனம் ஒதுக்கிய தொகை ஒன்பது லட்சத்துக்கு மேல் இருக்கலாம். அது மேஜைக்கு வரவே வராது. பக்கத்து அறையில் இதே வேலைக்கு, இதே திறமையோடு, ஏழு லட்சத்திலிருந்து வருகிறவருக்கு அதே முப்பது சதவீதத்தில் 9 லட்சத்து 10 ஆயிரம் கிடைக்கும். சின்ன ஊர்க் கல்லூரியிலிருந்து வந்து கிடைத்த சம்பளத்துக்குச் சேர்ந்தவர், பிரசவத்துக்காக இரண்டு வருடம் வேலையை விட்டவர், முதல் வேலையில் பேரம் பேசத் தெரியாமல் தலையாட்டியவர் எல்லோருக்கும் அந்தப் பழைய எண் அடுத்த வேலைக்கும் அதற்கடுத்த வேலைக்கும் கூடவே வருகிறது. சதவீதம் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதால் இது நியாயம் போலத் தெரிகிறது. இடைவெளி மட்டும் ஒவ்வொரு முறையும் பெருகுகிறது.

அமெரிக்காவில் பெண்களின் சம்பளம் பின்தங்கியே இருப்பதற்கு, பழைய சம்பளத்தைக் கேட்கும் இந்தக் கேள்வியும் ஒரு காரணம் என்று பேசினார்கள். பேச்சோடு நிற்கவில்லை. 2016 ஆகஸ்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. வேலைக்கு அமர்த்துகிறவர், சம்பளத்தோடு வேலை உறுதியாகும் முன் விண்ணப்பதாரரின் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது. 2018 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குள் நியூயார்க் நகரமும் கலிஃபோர்னியாவும் தங்கள் சட்டங்களை அமலுக்குக் கொண்டுவந்துவிட்டன. எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்கத் தடை இல்லை. அந்த எண்ணை விண்ணப்பதாரர்தான் போடுகிறார்.

ஜாக்கிரதையாக இரு என்று சொல்வது போதாது என்று டூசான் வீட்டிலிருந்து காந்தியின் வயது வரை எல்லாச் சோதனையும் சொன்னபடிதான் இந்தச் சட்டங்கள் இருக்கின்றன. ஒருவர் தலைக்குள் விழுந்த எண்ணை வெளியே எடுக்க முடியாது. விழாமல் தடுக்கலாம். நம் வேலைவாய்ப்புத் தளங்கள் பலவற்றில் கரண்ட் சிடிசி கட்டத்தின் மேல் சிவப்பு நட்சத்திரம் இருக்கிறது, நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, இந்த வேலைக்கு இவ்வளவு முதல் இவ்வளவு வரை தருவோம் என்று நிறுவனமே முதலில் எழுத வேண்டும். அதற்கு இங்கேயும் ஒரு சட்டம் வேண்டும்.