மன்னார்க் கரையில் மருந்துக் கணக்கு

மன்னார்க் கரைக்குக் கணக்கெடுப்பு புதிதன்று. முத்துக்குளிப்புச் சலாபக் காலத்தில் மரிச்சுக்கட்டி மணலில் எழுந்த கொட்டுகள் என்ற அடைப்புகளில் சிப்பிகளைக் கூறுபோட்டு எண்ணினார்கள். மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, மிகுதி குளிகாரருக்கும் தோணிக்காரருக்கும். நகைக்கு உதவாத பொடிமுத்து வைத்தியர் கைக்குப் போய் முத்துப் பற்பமானது. எண்ணியவர்கள் பார்த்ததெல்லாம் அரசின் பங்கைத்தான். பற்பம் உண்ணப்போகிறவரைப் பற்றி அந்தக் கணக்கில் ஒரு வரியும் இல்லை. இந்தக் கரையில் மருந்து தொடர்பான சட்டங்களையும் இந்தக் கேள்வியோடுதான் படிக்க வேண்டும் என்பது என் வாதம்: கணக்கு யாருக்காக எடுக்கப்படுகிறது? நோயாளிக்காக எடுக்கும்போதுதான் அது மருந்தகச் சோதனை. வேறு எவருக்காகவேனும் எடுத்தால் அது சுங்கச் சாவடியின் இன்னொரு வடிவம்.

1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச் சட்டம் கடைக்காரரின் மேசையில் பதிவேட்டை வைத்தது. நஞ்சு விற்க உரிமம் வேண்டும். அபினுக்குக் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் எதைத் தவறான கையில் கொடுக்கக் கூடாது என்பதே அதன் கவலை. கொடுத்த மருந்து நல்லதா என்று அது அதிகம் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு நாடு நெடுநாள் காத்திருந்தது. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது; தரமும் விலையும் பொதுக் கேள்விகளாயின. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க அழகுபொருட்கள், சாதனங்கள், மருந்துகள் சட்டம் அதிகாரம் பெற்ற அலுவலர் கடைக்குள் நுழையவும், ஏடுகளைப் பார்க்கவும், மாதிரி எடுக்கவும் வழிசெய்தது. உணவு மருந்துப் பரிசோதகர் என்ற பதவி மக்களுக்கு அர்த்தமுள்ளதானது இதனால்தான்.

அந்தச் சட்டம் வேரூன்றும் முன்பே போர் வந்தது. 1990க்குப் பின் மன்னார்த் தீவு இராணுவத்திடமும், எதிரே வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளிடமும் இருந்த காலங்களில் மருந்து உயிலங்குளம் போன்ற கடவைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. வன்னிக்குப் போகும் மருந்துக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி தேவைப்பட்டது. 2002 தொடக்கத்தில்தான் தடைகள் பெரிதும் தளர்ந்தன. காயமுற்ற போராளிக்கு மருந்து போய்ச் சேராதா என்று அரசு கேட்டதில் நியாயமில்லையா என்பார்கள். கேள்வி இயல்பானதுதான். ஆனால் சோதனையின் வழி, கொடுத்த மருந்து எவருக்குப் போனது என்று பின்னால் தேடிப் பார்ப்பது. தடையின் வழி, கிடைப்பதையே முன்கூட்டிக் குறைப்பது. பின்னதில் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையும் போராளியும் ஒரே எண்ணாகிவிடுகிறார்கள். அதைக் கட்டுப்பாடு என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை பதிவையும் உரிமத்தையும் விலையையும் ஒரே இடத்தில் சேர்த்தது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வந்தபோது பரிசோதகர் விலையையும் பார்க்க வேண்டியதாயிற்று. மருந்தகக் கட்டுப்பாட்டுக்கு எழும் வலுவான மறுப்பு கிராமத்திலிருந்து வருகிறது: பதிவுபெற்ற மருந்தாளர் நேரில் நிற்க வேண்டும் என்று இறுக்கினால் முசலியிலும் மாந்தையிலும் கடை மூடப்படும், நோயாளி மன்னார் நகருக்கு பஸ் ஏற வேண்டும். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் விதியைத் தளர்த்தினால் எஞ்சுவது பெயர்ப்பலகை மட்டும். மன்னாரின் வெயிலில் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் காக்க வேண்டிய இன்சுலின், மின் தடைப்பட்ட இரவில் என்ன ஆனது என்று கேட்க அறிந்தவர் ஒருவர் கடையில் இருந்தாக வேண்டும். மருந்தாளரைக் கிராமத்துக்கு அனுப்பும் பொறுப்பை அரசு ஏற்கட்டும். வராத ஆளுக்காகக் கடைக்காரரை மட்டும் தண்டிப்பது நீதியாகாது.

கடைச் சோதனையால் எல்லாம் பிடிபடாது என்பதும் உண்மை. 2023இல் வெளிவந்த தரக்குறைவான இம்யூனோகுளோபுலின் விவகாரம் அரச மருத்துவமனைகளின் கொள்வனவு வழியே நடந்தது. எந்தப் பாமசியின் அலுமாரியைத் திறந்திருந்தாலும் அது தெரிந்திராது. ஆனால் இந்தக் கரைக்குச் சொந்தமான ஆபத்து ஒன்று உண்டு. ஏறக்குறைய 30 கிலோமீற்றர் அகலக் கடலைத் தாண்டிப் படகில் வரும் பிரிகபலின் போன்ற வில்லைகளைக் கடற்படை மீண்டும் மீண்டும் கைப்பற்றுகிறது. பிடிபடாதவை பெட்டியோடு வரலாம், தொகுதி இலக்கத்தோடும் வரலாம். முறையான வழங்குநரின் விலைப்பட்டியலோடு மட்டும் வரமாட்டா. கொள்வனவுச் சீட்டு, அலுமாரியிலுள்ள இருப்பு, மருத்துவர் எழுதிய துண்டு ஆகிய மூன்றையும் பரிசோதகர் ஒன்றோடொன்று ஒப்பிட்டால், கடலில் தப்பியது கடையில் அகப்படும்.