தாரைப் பார்த்துச் சொல்ல முடியாதது

வத்தலக்குண்டில் எங்களுக்கு வாழைக்காய் மண்டி. தாத்தா தொடங்கியது, அப்பாவுக்குப் பிறகு கணக்கு என் கைக்கு வந்தது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பாச்சலூர், கே.சி.பட்டி எனக் கீழ்ப்பழனி மலையெங்கும் இருந்து தார் இறங்கும். ரோடு எட்டாத தோட்டத்துக் காய் குதிரை முதுகில் வந்து லாரி ஏறும். இறக்கியதும் முதல் வேலை தரம் பிரிப்பது. சிறுமலைக்காய் ஒரு பக்கம், விருப்பாச்சி ஒரு பக்கம். இரண்டையும் கலந்த ஆளைத் தாத்தா மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டாராம்.

காரணம் பழனி. பஞ்சாமிர்தம் போடுகிறவர்களுக்கு விருப்பாச்சிதான் வேண்டும். அந்தப் பழத்தில் நீர் குறைவு. நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் எல்லாம் சேரும், தண்ணீர் ஒரு சொட்டும் சேராது. அதனால்தான் பிரசாதம் நாள்பட நிற்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,000 முதல் 5,000 அடி உயரத்தில், காபிக்கு நிழலாக, மழையை மட்டும் நம்பி வளரும் மரம் இது. ஒருமுறை நட்டால் பக்கக்கன்று விட்டு விட்டுத் தோட்டம் பல வருஷம் ஓடும்.

அந்தப் பக்கக்கன்றுதான் மலையின் வழக்கமும், மலையின் வினையும். கன்றுக்கு அங்கே விலை கிடையாது. மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு, புதுத் தோட்டம் போட்ட பங்காளிக்கு, கேட்ட அண்டை வீட்டுக்காரருக்கு வெட்டிக் கொடுப்பார்கள். முடிக்கொத்து நோய் மலையேறியதும் அதே கையில்தான். 1889இல் ஃபிஜித் தீவில் முதலில் எழுதிவைக்கப்பட்ட நோய் அது. இலங்கை வழியாக 1940இல் கேரளத்துக்கு வந்தது. இலை குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும்; அந்த மரம் தார் போடாது. வைரஸைப் பக்கத்து மரத்துக்குக் கொண்டுபோவது அசுவினிப் பூச்சி. பக்கத்து மலைக்குக் கொண்டுபோனவர்கள் நாம். 1970களில் சுமார் 18,000 ஹெக்டேர் இருந்த மலைவாழை பிறகு 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது என்று வேளாண்துறையினர் சொல்வார்கள். எங்கள் பேரேட்டில் அது வேறு மாதிரித் தெரியும்: பக்கம் பக்கமாக இருந்த ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன.

மீட்டது திசுவளர்ப்பு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் அதன் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையமும், நோயில்லாத தாய்மரத்தின் குருத்து நுனியை எடுத்து, வைரஸ் இல்லையென்று சோதித்துக் கன்று வளர்த்தன. 2008 வாக்கில் விருப்பாச்சிக்கும் சிறுமலைக்கும் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் திசுவளர்ப்புக் கன்றை நோய் அண்டாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அசுவினி வந்து உட்கார்ந்தால் அதற்கும் முடிக்கொத்துதான்.

ஆகவே அடுத்த படி. 2013 வாக்கில் கோவை ஆய்வாளர்கள் விருப்பாச்சியிலேயே மரபணு மாற்றம் செய்து காட்டினார்கள். வைரஸின் சொந்த மரபணுவில் ஒரு துண்டை அக்ரோபாக்டீரியம் என்ற மண் நுண்ணுயிர் மூலம் வாழைக்குள் வைத்துவிட்டால், பின்னால் அதே வைரஸ் நுழையும்போது அது பெருகுவதற்கு அனுப்பும் செய்தியை வாழையே கத்தரித்துவிடும். அந்த வாழை தோட்டத்துக்கு வரவில்லை. 2010இல் மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயை அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்த நாடு இது. ஆஸ்திரேலியா 2024இல் வாடல் நோய் தாங்கும் மரபணு மாற்ற வாழையை அனுமதித்துவிட்டது. நாமும் 2022இல், வேற்று மரபணு சேராத திருத்தங்களுக்கு விதியைத் தளர்த்தினோம்; கோவை வாழை அந்தச் சலுகைக்குள் வராது.

மகரந்தம் பறந்து காட்டைக் கெடுக்கும் என்ற அச்சம் இங்கே பெரிதாக நிற்காது. விருப்பாச்சி விதை வைப்பதில்லை. என் கவலை மகரந்தம் அல்ல, மாமன் மச்சான். பாச்சலூர்ப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பேசினேன். “கேட்டா கன்னு இல்லேன்னு எப்படிச் சொல்றது மாப்ளே?” என்றார். 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டமும் கன்றைப் பரிமாறிக்கொள்ளும் உரிமையை அவருக்குத் தருகிறது. ஒரு தோட்டத்தில் வைத்தது சில வருஷத்தில் எத்தனை தோட்டம் போகும், எவரும் எழுதிவைக்க மாட்டார்கள். தாரைப் பார்த்து, முகர்ந்து, தட்டிப் பார்த்துத் தரம் சொல்லும் எனக்கும் எது மரபணு மாற்றிய காய் என்று தெரியாது. சோதனைக்கூடம் சொன்னால்தான் உண்டு. அப்போது பஞ்சாமிர்தத்தில் இருப்பது எது என்று பக்தர் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

நோயிலிருந்து காப்பதற்குத்தானே என்ற வாதம் எனக்குப் பிடிக்கும். ஆனால் 2018இல் சீனாவில் ஹே ஜியான்குய் என்பவர் எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க என்று கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண்குழந்தைகளைப் பிறக்க வைத்தபோது சொன்னதும் அதே காரணம். அடுத்த ஆண்டு அவருக்கு மூன்றாண்டுச் சிறை. அந்தப் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குப் பிறக்கப்போகிறவர்களுக்கும் அது போய்ச் சேரலாம். வாழையில் பிசகினால் கிழங்கோடு தோண்டிக் கொளுத்திவிடலாம் என்பதால்தான், வாழைக்கு நான் கதவைச் சாத்தவில்லை.

விவசாயிக்கு அது வேண்டுமென்றால் வரட்டும். கன்றுக்குக் கன்று அட்டை கட்டுங்கள், எந்தத் தோட்டத்துக்கு எது போனது என்று பேரேடு வையுங்கள், விருப்பாச்சி என்ற பெயரை அதற்குக் கொடுக்கலாமா என்று மலைவாழை விவசாயிகளும் பழனிக் கோயிலும் கூடிப் பேசட்டும். பிறகு மண்டியில் மூன்றாவதாக ஒரு மூலை ஒதுக்கித் தருகிறேன். விலையைப் பஞ்சாமிர்தக்காரர்கள் சொல்லட்டும்.