முன்பணமும் உரிமையும்: ஆரணி வட்டார நெசவாளரும் கூட்டுறவும் – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

சேத்துப்பட்டு என்னும் பெயர் கேட்டவுடன் சென்னை மாநகரின் ஒரு பகுதியே பலர்க்கு நினைவில் எழும். ஈண்டுச் சுட்டப்படுவது அஃதன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரிலிருந்து வந்தவாசி செல்லும் வழியில், ஆரணிக்குத் தெற்கே அமைந்த ஊர் இது. ஆரணி, தேவிகாபுரம், சேத்துப்பட்டு முதலிய ஊர்களை உள்ளடக்கிய இவ்வட்டாரம் பட்டு நெசவிற்குப் பேர்பெற்றது. காஞ்சிபுரத்துப் பட்டினும் எடையும் விலையும் குறைந்த சேலைகள் இங்கு மிகுதியாக நெய்யப்படுகின்றன. நடுத்தரக் குடும்பத்தார் மணவினைக்கு ஆரணிப் பட்டினை நாடுதல் யாவரும் அறிந்ததே.

இச்சேலையின் அழகைப் பேசுவார் பலர். அது தறியில் இருக்கும்போது யாருடைய உடைமை என்று வினவுவார் சிலரே. தறி நெசவாளருடையது, குழி அவர் வீட்டினது, உழைப்பு அவர் குடும்பத்தினது. ஆயினும் பாவும் ஊடையும் சரிகையும் பெரும்பாலும் அவருடையன அல்ல. நூலைக் கொடுத்தவர் எவரோ அவரே சேலைக்கும் உரியவர். நெய்தவர்க்குக் கூலி மட்டுமே உரியது. இவ்வொரு செய்தியே நெசவாளர் வரலாற்றின் திறவுகோல் எனலாம்.

வாணிகர் வகுத்த பொருளியல் ஒழுங்கிற்கு மாற்றாக எளிய மக்கள் தாமே அமைத்துக்கொண்ட அமைப்புக்களைப் பற்றி இருவகைக் கருத்து வழங்குகின்றது. கூட்டுறவு மேனாட்டார் தந்த கொடை என்பர் ஒரு சாரார். அது நம் பண்டைய ஊராட்சி மரபின் மறுபிறப்பே என்பர் மற்றொரு சாரார். இரண்டும் முழு உண்மை அல்ல என்பதும், முன்பணத்தைத் திருப்பித் தந்து விலகும் உரிமைக்காக நெசவாளர் நடத்திய நெடும்போராட்டத்தின் ஒரு கட்டமே கூட்டுறவு என்பதும் இக்கட்டுரையால் நிறுவப்பெறும்.

2. இலக்கியமும் கல்வெட்டும் காட்டுவன

சங்க இலக்கியத்தில் நூற்போர் மகளிராகவே காட்சி தருகின்றனர். ஆண் துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை நற்றிணைப் பாட்டொன்று உவமையாக்குகின்றது. உவமையாக எடுத்தாளும் அளவிற்கு அக்காட்சி அந்நாளில் பரவலாக இருந்தது என்று கொள்ளலாம். கைம்பெண்டிர்க்கும் காப்பார் அற்றவர்க்கும் கதிரே வாழ்வளித்தது என்பதும் இதனாற் புலனாகும். சிலப்பதிகாரமோ புகார் நகரத்துத் தெருக்களை வருணிக்குங்கால் பட்டும் மயிரும் பருத்தியும் கொண்டு நெய்யும் காருகரைத் தனி இருக்கை உடையவராகக் காட்டுகின்றது. நூற்றல் வீட்டுத் தொழிலாகவும், நெய்தல் நகரத் தொழிலாகவும் பிரிந்து நின்றமை இவ்விரு சான்றுகளையும் ஒப்புநோக்கின் விளங்கும்.

கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் மேற்கிந்தியாவின் இலாட நாட்டிலிருந்து மந்தசோருக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழுவொன்று, தம் தொழிலால் ஈட்டிய பொருள் கொண்டு கதிரவனுக்குக் கோயில் எடுத்ததை அவ்வூர்க் கல்வெட்டு உரைக்கின்றது. அவருட் சிலர் வில்வித்தையும் சோதிடமும் பயின்று வேறு தொழில் புகுந்தனர் என்றும் அது கூறும். தொழில் மாறிய பின்னரும் குழுவின் பெயராலேயே அவர்கள் ஒன்றுபட்டு நின்றமை கருதத்தக்கது.

தமிழகத்தில் கைக்கோளர் எனப்படும் செங்குந்தர், சாலியர், தேவாங்கர், சௌராட்டிரர் முதலியோர் நெசவுத் தொழிலினர். சோழர் காலத்தும் விசயநகரர் காலத்தும் தறியிறை என்னும் வரி வாங்கப்பட்டமைக்குக் கல்வெட்டுச் சான்றுகள் பல. 1429ஆம் ஆண்டில் காவிரிச் சமவெளியில் வலங்கையாரும் இடங்கையாரும் ஒன்றுகூடி, தாங்கள் செலுத்தக்கூடிய வரி இன்ன அளவினது என்று தாமே வரையறுத்துக் கல்லில் பொறித்தனர். உழுவோரும் தொழில் செய்வோரும் ஒருங்கு நின்ற அரிய நிகழ்ச்சி இது.

செங்குந்தர் தமக்குள் எழுபத்திரண்டு நாடுகள் என்னும் அமைப்பினை வகுத்துக்கொண்டனர். அவற்றிற்கெல்லாம் தலைமை காஞ்சிபுரத்து மகாநாடு. வழக்குத் தீர்த்தல், ஒழுக்கம் பேணல், கோயிற் கடமைகளைப் பகிர்தல் ஆகியன இந்நாடுகளின் பணிகள். அமெரிக்க மானிடவியலறிஞர் மாட்டிசன் மைன்சு 1984இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் இவ்வமைப்பினை விரிவாக விளக்குகின்றது. வணிகக் குழுவினரிடம் பட்டணப்பகுடி என்றும், பிற்காலத்தே மகமை என்றும் வழங்கிய தாமே விதித்துக்கொண்ட வரிகளும் இவ்வகைக் கூட்டுணர்வின் வெளிப்பாடுகளே.

எனினும் ஒன்று தெளிதல் வேண்டும். நாடு என்பது கூட்டுறவுச் சங்கம் அன்று. அது நூல் வாங்கித் தரவில்லை. துணி விற்றுத் தரவில்லை. பிறப்பால் அமைந்த உறுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு இடம் தரவுமில்லை. நெசவாளர் ஒன்றுபட்டு நிற்கும் பழக்கத்தை அது வளர்த்தது. முதலினை அவர் கையில் சேர்க்கவில்லை.

3. முன்பணத்தின் இரு முகங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டில் தென்னிந்தியத் துணி கடல் கடந்து சென்றது. கும்பினியார் துணி வேண்டி நெசவாளரைத் தம் எல்லைக்குள் குடியமர்த்த முயன்றனர். 1734இல் சென்னையில் நூற்போர்க்கும் நெய்வோர்க்கும் என அமைக்கப்பெற்ற சிந்தாதிரிப்பேட்டை அம்முயற்சியின் விளைவு.

அக்காலத்து வாணிகம் முன்பணத்தால் நடைபெற்றது. வணிகர் முன்பணம் தருவர். நெசவாளர் அதனைக் கொண்டு நூல் வாங்கி நெய்து தருவர். இம்முன்பணம் நெசவாளரை அடிமைப்படுத்திய கட்டு என்று எளிதில் எண்ணிவிடுதல் கூடும். ஆயின் 1720 முதல் 1800 வரையிலான தென்னிந்திய நெசவாளர் நிலையை ஆராய்ந்த பிரசன்னன் பார்த்தசாரதி, 2001இல் வெளியிட்ட நூலில் வேறொரு செய்தியைக் காட்டுகின்றார். வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு வேறு வணிகரிடம் செல்லும் உரிமை அந்நாளில் நெசவாளர்க்கு இருந்தது. நூல் அவர் வாங்கியது. ஆதலின் துணியும் அவர் கையில் இருந்தது. கொடுமை மிகுந்த இடத்தில் ஊரையே விட்டுப் பெயர்தலும் அவர் கைக்கொண்ட வழியாகும். பெயர்ந்து செல்லும் நெசவாளரை வரவேற்க அண்டை ஆட்சியாளர் காத்திருந்தனர். ஆதலின் அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது.

கும்பினி வணிகம் அரசாட்சியாக மாறியபோது இந்நிலை மாறியது. முன்பணத்தைத் திருப்பித் தரும் உரிமை மறுக்கப்பட்டது. சேவகரை ஏவித் தறியைக் கண்காணித்தலும், பிறர்க்கு நெய்வாரைத் தண்டித்தலும் வழக்கமாயின. ஆர்க்காட்டு நவாபின் ஆட்சி 1801இல் முடிவுற்றுக் கருநாடகப் பகுதி முழுதும் ஒரே ஆட்சியின் கீழ் வந்தபின், பெயர்ந்து செல்லுதற்கு வேறு அரசரும் இலராயினர். முன்பணம் அதே பெயருடன் நின்றது. அதன் பொருள் மாறிவிட்டது. திருப்பித் தரக்கூடிய கடன், திருப்ப இயலாத தளையாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செசுட்டர் துணியும் ஆலை நூலும் வந்து கைந்நூற்பினை அழித்தன. கதிரை நம்பி வாழ்ந்த பெண்டிர் முதலில் வீழ்ந்தனர். பட்டும் நுண்ணிய கரைச்சேலையும் நெய்வோர் ஓரளவு நிலைத்தனர். ஆயினும் பட்டு நூல் விலை மிக்கது. மைசூர்ப் பகுதியிலிருந்து வருவது. சரிகையோ சூரத்திலிருந்து வருவது. இவற்றை முதலிட்டு வாங்க இயலாத நெசவாளர் நூல் கொடுக்கும் முதலாளியின் கூலிக்காரர் ஆயினர். இன்றும் ஒரு முதலாளியிடமிருந்து மற்றொருவரிடம் செல்ல விரும்பும் நெசவாளர் பழைய முன்பணத்தைத் தீர்த்தாக வேண்டும். அதனைப் புதியவர் தீர்ப்பின், கடன் தீராது, கடன் கொடுத்தவரே மாறுவர். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் முன்பணத்தால் விளையும் இத்தகைய தளையினையும் கருத்திற் கொண்டதேயாம்.

4. கூட்டுறவின் வருகை

இங்கிலாந்தில் 1844இல் ராச்டேல் நகரில் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கிய இருபத்தெண்மருள்ளும் நெசவாளர் இருந்தனர். தறி தந்த துன்பமே அங்கும் கூட்டுறவின் தாயாயிற்று. சென்னை மாகாண அரசினர் விருப்பப்படி மேனாட்டுக் கடன் சங்கங்களை ஆராய்ந்த பிரடரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் தம் அறிக்கையை அளித்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கமும், சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றின. கடனல்லாத பிற துறைகளிலும் சங்கம் அமைக்க 1912ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. நெசவாளர்க்கு உண்மையில் வாயில் திறந்தது அன்றுதான். ஏனெனில் அவர்க்கு வேண்டியது கடன் மட்டுமன்று, நூலும் சந்தையுமாகும்.

1935இல் மாகாண நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பெற்றது. இன்று கோ-ஆப்டெக்சு என வழங்குவது அதுவே. அதன்கீழ் ஊர்தோறும் தொடக்கச் சங்கங்கள் இணைந்தன. செங்குந்தரின் நாட்டமைப்பு வலியிழந்த அதே பத்தாண்டுகளில் சங்கங்கள் வலிபெறத் தொடங்கின என்பது கவனித்தற்குரியது. ஒன்றுகூடும் பழக்கம் பழையது. சட்டமும் கணக்கும் புதியன. நூலினைப் பொதுவில் வாங்குதல் என்னும் கருத்தே இவ்விரண்டையும் இணைத்த கண்ணி. இரண்டாம் உலகப் போர்க்காலத்து நூற்கட்டுப்பாட்டின்போது, நூல் பெறுதற்கு வழி சங்கமே என்பதால் உறுப்பினர் தொகை பெருகிற்று. ஆர்வத்தினும் தேவையே அவரைச் சேர்த்தது என்று கூறுதல் தவறாகாது.

1952–53இல் துணி தேங்கி நெசவாளர் பட்டினியுற்றனர். 1953 சனவரியில் காஞ்சிபுரத்து நெசவாளர் மரபில் வந்த அண்ணா, திருச்சிராப்பள்ளித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றார். முதலமைச்சர் இராசாசி வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே உரியனவாதல் வேண்டும் என்று நடுவணரசிடம் வாதாடினார். கட்சியால் வேறுபட்ட இருவரும் தறியின்பொருட்டு ஒரே திசையில் நின்றனர். அவ்வாண்டு ஆலைத் துணியின்மீது கெசம் ஒன்றுக்கு மூன்று பைசு வீதம் தீர்வை விதித்துக் கைத்தறி, கதர் வளர்ச்சிக்கு அளிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் தனிச்சட்டம் 1985இல் வந்தது.

5. குமரப்பாவின் வழியும் பட்டின் சிக்கலும்

மாற்றுப் பொருளியல் பேசுமிடத்துத் தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பாவை (1892–1960) மறத்தலாகாது. 1934இல் அமைந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலராக விளங்கிய இவர், நிலைத்த தன்மையுடைய பொருளியலைப் பற்றி 1945இல் நூல் எழுதினார். ஆக்குவோரும் நுகர்வோரும் அண்மையில் வாழ்தலே நேர்மையான பொருளியலின் அடிப்படை என்பது அவர் கோட்பாட்டின் சாரம்.

இக்கோட்பாடு கதர் நூற்கும் ஊருக்குப் பொருந்தும். சேத்துப்பட்டின் பட்டுத்தறிக்கு முற்றும் பொருந்தாது. இங்கே நூல் சேய்மையிலிருந்து வருகின்றது. சேலை சேய்மைக்குச் செல்கின்றது. நெய்பவர் வீட்டில் அதனை உடுப்பார் அரியர். ஆகவே ஊர்த் தன்னிறைவு என்பது இவ்வட்டார நெசவாளர்க்கு விடை ஆகாது. சந்தையை விட்டு விலகுதலன்று, சந்தைக்குள் தம் நூலுடன் நுழைதலே இவர்க்கு வேண்டுவது. கூட்டுறவு இதற்கு ஏற்ற கருவியாயிற்று.

சங்கம் செயற்படும் முறை எளிது. உறுப்பினர் பங்குத்தொகை செலுத்துவர். சங்கம் பாவும் ஊடையும் சரிகையும் எடையிட்டுத் தரும். நெய்த சேலையை எடையும் தரமும் நோக்கிப் பெற்றுக் கூலி தரும். ஈட்டத்தில் மிகுவது உறுப்பினர்க்கே திரும்பும். காஞ்சிபுரத்தில் அரசு நிறுவிய சரிகை ஆலை, சூரத்தையே நம்பியிருந்த நிலையை ஓரளவு தளர்த்தியது. கூலியில் ஒரு பகுதியைச் சேமநிதியாகப் பிடித்து, அதனுடன் அரசின் பங்கும் சேர்க்கும் திட்டமும் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. மகமையில் ஒவ்வொருவரும் சிறிது ஈந்து பொதுநிதி கண்ட வழக்கை இதனோடு ஒப்பிடலாம்.

6. குறைகள்

புகழ்ச்சி மட்டும் வரலாறாகாது. கூட்டுறவின் குறைகள் மூன்று.

முதலாவது, தறியுடையாரே உறுப்பினர் என்னும் வழக்கு. பாவோட்டுவோரும், நூல் சுற்றும் பெண்டிரும், பிறர் தறியில் நெய்வோரும் வெளியே நின்றனர். 2019–20இல் எடுக்கப்பெற்ற நான்காம் அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர் உளர் என்றும், அவருட் பெரும்பான்மையர் பெண்டிரே என்றும் காட்டுகின்றது. மூன்றில் இரு பங்கு குடும்பங்களின் மாத வருவாய் 5,000 ரூபாயினும் குறைவு. நற்றிணை கண்ட நூற்கும் பெண்டு இன்னும் கணக்கேட்டின் விளிம்பிலேயே நிற்கின்றாள்.

இரண்டாவது, சங்கம் அரசின் கிளையாக மாறியமை. தள்ளுபடி மானியத்தை நம்பிய வாணிகமும், தேர்தலின்றி நெடுங்காலம் தனி அலுவலர் ஆளுகையில் சங்கங்கள் இருந்தமையும் உறுப்பினரின் உரிமையுணர்வைத் தேய்த்தன. கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் உரிமையை 2011ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் அடிப்படை உரிமையாக்கியது. ஆயினும் உரிமை ஏட்டில் எழுதப்படுதல் வேறு. கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்டல் வேறு.

மூன்றாவது, விசைத்தறிப் போட்டி. ஒதுக்கீட்டுச் சட்டம் இருந்தும், கைத்தறிப் பெயரில் விசைத்தறித் துணி விற்கப்படுதல் நெசவாளரின் நெடுநாட் குறையாகும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் கூட்டுறவு மேனாட்டிலிருந்து வந்த விதை என்பதும், அது முளைத்த நிலம் நாடும் மகமையும் பண்படுத்திய நிலம் என்பதும் விளங்கும். ஆயினும் பழைமையின் பெருமை பேசி அமைதல் போதாது. நாடு பிறப்பால் மூடியது; சங்கம் தறியால் மூடியது. அடுத்த கதவும் திறத்தல் வேண்டும்.

ஆராய்ச்சி மாணவர்க்கு ஈண்டுப் பணி மிக உண்டு. தேவிகாபுரம் முதலிய ஊர்களின் விசயநகரக் காலக் கல்வெட்டுக்களைத் தொழில் வரலாற்று நோக்கில் மீண்டும் பயிலல் வேண்டும். தொடக்கச் சங்கங்களின் பழைய குறிப்பேடுகள் கறையான் வாய்ப்படுமுன் படியெடுக்கப்படல் வேண்டும். பண்ணை, அச்சு, விழுது, கோர்வை எனத் தறியோடு வாழும் சொற்கள் நெய்வோர் வாய்மொழியிலிருந்து தொகுக்கப்படல் வேண்டும். அவர் மக்கள் வேறு தொழில் நாடிச் செல்லும் இந்நாளில் இப்பணி தாழ்க்கத்தக்கதன்று.

பதினெட்டாம் நூற்றாண்டு நெசவாளர் முன்பணத்தை வணிகர் முன் வைத்து, "இது உன் பணம், இனி நான் என் வழி" என்று கூறக்கூடியவராக இருந்தார். அச்சொல்லைச் சேத்துப்பட்டுத் தறிக்குழியில் அமர்ந்திருப்பவர் மீண்டும் கூறக்கூடுமாயின், அன்றே கூட்டுறவு தன் பயனை எய்தியது என்க.