பரிசு யாருக்கு? கிஃப்ட் திலாப்பியாவின் கதை

தமிழ்நாட்டில் எந்தக் குளத்தில் தூண்டில் போட்டாலும் முதலில் மாட்டுவது ஜிலேபி கெண்டையாகத்தான் இருக்கும். பெயர்தான் இனிப்பு; மீன் வளர்ப்பவர்களுக்கு இது கசப்பு. இரண்டு மூன்று மாதத்திலேயே சினைப்பட்டு குளம் முழுக்கக் குஞ்சாக நிரப்பிவிடும். அப்புறம் தீனிக்குப் போட்டி. எதுவும் கையளவுக்கு மேல் வளராது. உண்மையில் இது இந்த ஊர் மீனே இல்லை. மொசாம்பிக் திலாப்பியா என்ற ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

இதற்கு நைல் திலாப்பியா என்று ஒரு நெருங்கிய உறவு உண்டு. அது கொஞ்சம் தாமதமாக சினைப்படும், நன்றாகச் சதைப்பிடிக்கும். இன்று உலகத்தில் அதிகம் வளர்க்கப்படும் மீன்களில் அதுவும் ஒன்று. ஆனால் 1980-களில் அதுவும் ஜிலேபி கெண்டையின் கதிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதை மீட்டது சில நாடுகளின் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் சேர்ந்து செய்த ஒரு வேலை. மீட்ட பிறகு அந்த மீன் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வந்தது பாருங்கள், அது இன்னும் தீரவில்லை.

முதலில் மீன் ஏன் கெட்டது என்று பார்க்கலாம். ஆசியாவுக்கு நைல் திலாப்பியா வந்ததெல்லாம் சில கைப்பிடி மீன்களாகத்தான். 1962-ல் எகிப்திலிருந்து ஜப்பானுக்குப் போனது. 1965-ல் ஜப்பான் இளவரசர் அகிஹிதோ அதிலிருந்து 50 மீன்களைத் தாய்லாந்து மன்னர் பூமிபோலுக்கு அனுப்பினார். பாங்காக்கின் சித்ரலதா அரண்மனைக் குளத்தில் வளர்ந்த அந்த மீன்களின் வாரிசுகள்தான் தாய்லாந்து முழுக்கப் பரவின. பிலிப்பைன்ஸுக்கு 1970-களிலும் 80-களிலும் தாய்லாந்து, இஸ்ரேல், சிங்கப்பூர், தைவான் என்று நாலு வழியாக வந்தது. எல்லாமே சொற்ப எண்ணிக்கை. அண்ணன் தங்கைக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்தால் வளர்ச்சி குன்றும், குஞ்சு பிழைப்பது குறையும். போதாக்குறைக்கு மொசாம்பிக் திலாப்பியாவோடும் கலந்துவிட்டது. பிலிப்பைன்ஸ் பண்ணைகளின் நைல் திலாப்பியாவில் இந்தக் கலப்பு பரவலாக இருப்பதை அந்நாட்டு ஆய்வாளர்களும் ஜப்பானின் நோபுஹிகோ தனிகுச்சியும் சேர்ந்து 1986-ல் புரதச் சோதனை மூலம் காட்டினார்கள்.

ஏறக்குறைய இதே காலத்தில் இந்தியாவிலும் ஒருவர் இதே நோயைக் கண்டார். அம்பேகர் எக்நாத், கர்நாடகத்தின் கெண்டைக் குஞ்சு பொரிப்பகங்களை ஆராய்ந்தவர். தாய் மீன்களைப் புதுப்பிக்காமல் அதே குளத்து மீன்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் உட்கலப்பு ஏறிக்கொண்டே போவதை, கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாயிலோடு சேர்ந்து எழுதினார். பின்னாளில் திலாப்பியா திட்டத்தின் முக்கிய விஞ்ஞானியாக ஆனவர் இவர்தான்.

மருந்து நார்வேயிலிருந்து வந்தது. அங்கே ஹரால்ட் ஷெர்வோல்ட் என்ற கால்நடை இனவிருத்திப் பேராசிரியர், கறவை மாட்டுக்குச் செய்வதை மீனுக்கு ஏன் செய்யக்கூடாது என்று கேட்டார். அவரும் ட்ரிக்வே யெட்ரெமும் 1970-களின் தொடக்கத்தில் சுமார் 40 நார்வே ஆறுகளிலிருந்து சால்மன் மீன்களைச் சேகரித்து, குடும்பம் குடும்பமாக வளர்த்து, தலைமுறைதோறும் நன்றாக வளரும் குடும்பங்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். இன்று நார்வே சால்மன் உலகச் சந்தையை ஆள்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக்வாஃபோர்ஸ்க் என்ற ஆய்வு நிறுவனம் இந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான்.

1987-ல் பாங்காக்கில் திலாப்பியா மரபு வளம் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. அடுத்த வருடமே திட்டம் தொடங்கிவிட்டது. அப்போது மணிலாவில் இருந்த இக்லார்ம் (இன்றைய வேர்ல்டுஃபிஷ்), நார்வேயின் ஆக்வாஃபோர்ஸ்க், பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் கழகம், மத்திய லூசோன் அரசுப் பல்கலைக்கழகத்தின் நன்னீர் மீன்வளர்ப்பு மையம், அந்நாட்டு மீன்வளத்துறை எல்லாம் கூட்டாளிகள். பணம் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கொடுத்தது. திட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'கிஃப்ட்' என்று வரும். பரிசு!

1988-89-ல் எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நாலு நாடுகளிலிருந்து காட்டு மீன்களைப் பிடித்து விமானத்தில் கொண்டுவந்தார்கள். அதோடு பிலிப்பைன்ஸில் ஏற்கெனவே இருந்த நாலு பண்ணை ரகங்கள். ஆக எட்டு. ஒவ்வொரு குஞ்சுக்கும் அடையாளச் சீட்டு கட்டி, எட்டு ரகத்தையும் ஒன்றாகவே விட்டு வளர்த்தார்கள். அதுவும் ஒரே இடத்தில் அல்ல. குளம், கூண்டு, நெல்வயல் என்று 11 வகைச் சூழல்களில். ஏழை விவசாயியின் குளத்தில் வளராத மீன் ஆய்வகத்தில் வளர்ந்து என்ன பயன்?

முடிவு பலருக்கு அதிர்ச்சி. இத்தனை வருடம் பண்ணையில் பழகிய மீன்தான் நன்றாக வளரும் என்று நினைத்திருந்தார்கள். ஆனால் காட்டிலிருந்து நேரே வந்த ஆப்பிரிக்க மீன்கள் அவற்றுக்குச் சளைக்கவில்லை, எகிப்து மீன் எல்லாவற்றையும் முந்தியது. கானா மீன் மட்டும் கடைசி. இந்தக் கானா மீனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

அடுத்து எட்டையும் எட்டோடும் கலந்து 64 விதமாகப் பார்த்தார்கள். கலப்பினத்தால் மட்டும் கிடைத்த ஆதாயம் கொஞ்சம்தான். ஆகவே குறுக்குவழி இல்லை, நார்வே வழிதான் என்று முடிவாயிற்று. நல்ல குழுக்களைச் சேர்த்து ஒரு புதுக் கூட்டத்தை உருவாக்கி, குளத்துக்குள் வலைத் தொட்டிகள் கட்டிக் குடும்பங்களைத் தனித்தனியாகப் பொரிக்கவிட்டு, தேர்ந்தெடுத்துக்கொண்டே போனார்கள். தலைமுறைக்கு 12 முதல் 17 சதவீதம் வரை முன்னேற்றம். ஐந்து தலைமுறையில், தொடங்கிய கூட்டத்தைவிட சுமார் 85 சதவீதம் வேகமாக வளரும் மீன்! வெளியிலிருந்து மரபணு எதையும் புகுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயரைப் பார்த்து மரபணு மாற்று மீன் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

1993-ல் இந்தியா உள்பட பல நாடுகளைச் சேர்த்து மரபியல் வலையமைப்பு ஒன்று அமைந்தது. மீனோடு முறையும் பரவியது என்பதுதான் இதில் பெரிய லாபம். இந்தியாவில் புவனேஸ்வரின் நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் ஆக்வாஃபோர்ஸ்க்கோடு சேர்ந்து கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா போன்ற ஆறுகளின் ரோகு மீனை இதே முறையில் மேம்படுத்தியது. 'ஜெயந்தி' ரோகு அப்படிப் பிறந்ததுதான். கிஃப்ட் மீனும் பின்னாளில் இந்தியாவுக்கு வந்தது. சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் அதை விஜயவாடா அருகே இனவிருத்தி செய்தது.

1997-ல் நன்கொடைப் பணம் நின்றது. இனவிருத்தி என்பது நிறுத்திவைக்க முடியாத வேலை. ஒரு தலைமுறை விட்டால் போச்சு. மீனைக் காப்பாற்ற ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள், அதற்கும் பணம் வேண்டுமே! 1999-ல் அந்த அறக்கட்டளை ஜெனோமார் என்ற நார்வே கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. பொதுப்பணத்தில், ஏழைகளுக்காக என்று உருவான மீனின் ஒரு கிளை இப்படிக் கம்பெனி சரக்காக மாறியது. கண்டனம் எழுந்தது நியாயம்தான். ஆனால் நன்கொடையாளர்கள் கையை விரித்தபிறகு வேறு வழி என்ன இருந்தது என்பதையும் கண்டித்தவர்கள் சொல்லியிருக்க வேண்டும். நல்லவேளையாக வேர்ல்டுஃபிஷ் இன்னொரு கிளையை மலேசியாவின் ஜித்ராவுக்குக் கொண்டுபோய்ப் பொதுச்சொத்தாகவே வளர்த்தது.

சரி, மீன் கொடுத்த ஆப்பிரிக்காவுக்கு என்ன கிடைத்தது? சேகரித்தது 1988-ல். மரபு வளத்தின் பலனைக் கொடுத்த நாட்டோடு பங்கிடச் சொல்லும் பல்லுயிர் உடன்படிக்கை அமலுக்கு வந்தது 1993 கடைசியில். அதனால் சட்டப்படி கேட்க எதுவுமில்லை. மேம்பட்ட மீனையாவது திருப்பித் தரலாமே என்றால், அதிலும் சிக்கல். அது தப்பி ஆற்றில் கலந்தால் காட்டு மீனின் மரபு அழிந்துவிடும். நாளைக்கு இன்னொரு கிஃப்ட் உருவாக்க மூலப்பொருளே அந்தக் காட்டு மீன்தான்! ஆகவே ஆப்பிரிக்காவுக்கு கிஃப்ட் மீனை அனுப்புவதில்லை என்று பல வருடம் வைத்திருந்தார்கள். மீனுக்குப் பதில் முறையைக் கொடுத்தார்கள். எகிப்தில் அப்பாசா ரகமும் கானாவில் அகோசோம்போ ரகமும் உள்ளூர் மீன்களிலிருந்தே உருவாயின. விஞ்ஞானப்படி இது சரியான முடிவு. ஆனால் வேகமாக வளரும் மீன் ஆசியாவில் இருக்கிறது என்று தெரிந்த கானா பண்ணைக்காரரிடம் போய் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபமில்லை.

2019-ல் அமெரிக்காவின் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கானாவின் கீழ் வோல்டாப் படுகையில் மீன்களின் டி.என்.ஏ.-வைப் பார்த்தபோது அனுமதியில்லாத கிஃப்ட் ஏற்கெனவே அங்கே வந்து சேர்ந்திருந்தது. எட்டு ரகங்களில் கடைசியாக வந்த கானா மீன் 1988-ல் புறப்பட்டதும் அதே வோல்டா நாட்டிலிருந்துதான்.